ஜாங்கிரி என்று தேடினால் வரும் படம்

கோழிப்பண்ணையை விட்டு வெகுதூரம் வந்தும் நாற்றம் மட்டும் கூடவே நடந்துகொண்டிருந்தது. முல்பாகல் பக்கத்துப் பண்ணை அது. முதலில் கோழிகளுக்குச் சளி வந்தது, பிறகு எனக்கு வந்தது, அதன்பிறகு முதலாளிக்குக் கோபம் வந்தது. ஒரு சட்டைக்குள் இன்னொரு சட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழி ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. பிறகு டிராக்டர்காரருக்கும் வாசனை எட்டிவிட்டது, இறக்கிவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. வளையலும் ரிப்பனும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கைப்பேசியை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா வேணும்?”

“ஒண்ணும் இல்லீங்க. மழைக்கு நிக்கறேன்.”

“அப்ப சும்மாதான் நிக்கறே. இங்க வா. இந்தப் படத்தப் பாரு. இது உன்னுது, தொலைஞ்சி போச்சுன்னு வெச்சிக்கோ. இன்னான்னு சொல்லித் தேடுவே?”

யாரோ கையால் வரைந்த படம். பஸ் நிறுத்தக் கூரைக்குக் கீழே ஒரு மாடு நின்றது. நான் எட்டாவதோடு நின்றவன். இந்த மாதிரிக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“பஸ் ஸ்டாப்புல மாடுன்னு தேடுவேன்.”

“அப்பறம்?”

“மழைக்கு ஒதுங்கின மாடு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா. இத வரைஞ்ச புள்ள கீழ இன்னா போட்டிருக்குது தெரியுமா? ‘தனிமை.’ தனிமைன்னு தேடினா உலகத்துல அழுதுகினு கீற மொத்தப் பேரும் வர்றாங்க. அதுல இந்த மாட்ட எங்க போயி பிடிக்கறது?” அவசரமாக எதையோ தட்டினார். பிறகுதான் மூக்கைச் சுருக்கினார். “கோழி வேலையா? எங்கிட்ட பொட்டி தூக்கறியா?”

இப்படித்தான் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தப் படம் இருந்தது ஒரு இணையதளத்தில். ஊர் ஊராக இருப்பவர்கள் தாங்கள் வரைந்ததை அதில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்னச் சின்னக் குறிச்சொற்கள் போடலாம். டேக் என்பார்கள். யாராவது தேடினால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படம் மேலே வரும். பிறர் படத்துக்கும் டேக் போட்டுத் திருத்துகிற அனுமதியைச் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா அவர்களில் ஒருவர். டேக் என்று அவர் சொல்லமாட்டார், சீட்டு என்பார். அக்காவுக்கு ஒரு கோடு வரையத் தெரியாது. கடை வாசலில்கூட ஸ்டிக்கர் கோலம்தான். ஆனால் அடுத்தவர் படத்தில் சீட்டு சரியில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

அது கடையிலிருந்து வந்த பழக்கம் என்று போகப்போகத் தெரிந்தது. “பேரு சொல்லி எவன் கேக்கறான்?” என்பார். அது உண்மை. வருகிறவர்கள் யாரும் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. “போன தபா வாங்கினேனே, நீல மூடி” என்பார்கள். “மாமியாருக்குக் குடுக்கணும், ஆனா ரொம்ப நல்லதா வேணாம்” என்பார்கள். அதனால் கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் கேட்பவர் வாயில் வருகிற வார்த்தையே ஒட்டியிருக்கும். ஊக்குப் பெட்டியில் ‘கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப.’ பேன் சீப்புப் பெட்டியில் ‘ஸ்கூல்ல சொல்லி அனுப்பிட்டாங்க.’ மாமியாருக்கென்றே ஒரு பெட்டி இருந்தது. நல்ல வியாபாரம். சில பெட்டிகளில் சீட்டு பெட்டியைவிட நீளம். எழுத்துக்கூட்டிப் படித்து நான் எடுத்து வருவதற்குள் வாடிக்கையாளர் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

கைப்பேசியில் என் எண்ணை அக்கா எப்படிப் பதிந்திருந்தார் என்று ஒருநாள் பார்த்தேன். ‘கோழி வாசனை, மழை, பொட்டி தூக்கறவர், பேரு அப்பால கேக்கணும்.’ வந்து மாதங்கள் ஆகியிருந்தன. பெயரைச் சொன்னேன். அதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். கோழியை எடுக்கவில்லை.

“அதான் இப்ப வாசனை இல்லியேக்கா.”

“எனுக்கு உன்ன அப்படித்தான ஞாபகம் வருது? உன் பேரா வருது?”

படம் வரைகிற கூட்டத்தோடு அவர் போட்ட சண்டைகள் தனி. ‘அழகு’ என்று போட்டவர்களிடம், அசிங்கம் என்று எவனாவது தேடுவானா என்று எழுதிக் கேட்பார். ‘கலை’ என்று போட்டவர்களிடம், இது கறிக்கடையா, எல்லாமே கலைதானே என்பார். தேடுகிறவர்களையும் விடமாட்டார். ஒரே வார்த்தையைப் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பொறுமையாக எழுதுவார்: கலரு சொல்லு, எந்த நேரம் சொல்லு, பக்கத்துல இன்னா இருந்துச்சு சொல்லு. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவரை மரியாதையாக மேடம் என்றார்கள். மீதிப் பேர் அவரைக் கண்டால் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஒருமுறை பெங்களூர்ப் பையன் ஒருவன் எங்கள் சயனைடு மேட்டை வரைந்து ஏற்றியிருந்தான். தங்கச் சுரங்கம் அரைத்துத் துப்பிய மண் இங்கே மலை மலையாகக் கிடக்கிறது. காற்றடித்தால் பக்கத்துக் கோரமண்டல் காலனியில் காயப்போட்ட துணியெல்லாம் பவுடர் பூசிக்கொள்ளும். பையன் அதன் கீழே ‘பாலைவனம், ராஜஸ்தான், ஒட்டகம்’ என்று போட்டிருந்தான். படத்தில் ஒட்டகமே இல்லை. வரும் என்று நினைத்தானோ என்னவோ.

அக்காவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மூன்றையும் எடுத்துவிட்டு ‘சயனைடு மேடு, கே.ஜி.எஃப்., ஒட்டகம் இல்லை’ என்று போட்டார். பையன் திருப்பிப் போட்டான். இவர் திருப்பி எடுத்தார். கடைசியில் அவன் கன்னடத்தில் ‘விட்டுடுங்க மேடம்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். ஜெயித்த சந்தோஷத்தில் அக்கா எனக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்தார். வடை தீர்வதற்குள் ஒரு யோசனை வந்து, ஒட்டகம் என்று தேடிப் பார்த்தார். வரிசையாக ஒட்டகங்கள், நடுவில் எங்கள் சயனைடு மேடு.

அன்று முழுவதும் அந்த ஒட்டக வரிசையையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை சாத்தும்போது சொன்னார்: “தப்பு என்னுதுதாம்பா. இல்லாதத இல்லன்னுகூடச் சொல்லக் கூடாது. ஒட்டகம் இல்லன்னு எழுதினாலும் ஒட்டகம் தேடறவன்தான் வந்து நிக்கறான். இருக்கறத மட்டும் சொல்லணும். இருக்கறத ஒண்ணு விடாம சொல்லணும்.” அந்த டேக்கை எடுத்தார். அதற்குப்பிறகு அந்த விஷயத்தில் அவரை அசைக்க முடியாது.

இதனால் அவஸ்தைப்பட்டது அவருடைய தம்பி. நாற்பது வயது. அக்காவோடுதான் இருந்தார். பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. விடிவதற்கு முன்னால் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். அந்த ரயிலில் எல்லோரும் ஏறியவுடன் தூங்கிவிடுவார்கள். அவர் மட்டும் பழைய பில்லின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தூங்குகிறவர்களை வரைவார். அதிகம் பேசாத மனிதர். சாயங்காலம் வந்து அந்தப் படங்களைக் காட்டும்போது மட்டும் வாய் திறப்பார். “இவரு இன்னிக்குக் குறட்டையில பாட்டு மாதிரி விட்டாருக்கா” என்று ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

அந்தப் படங்களையும் தளத்தில் ஏற்றியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே டேக்: ‘சும்மா.’

“டேய், சும்மான்னு எவன்டா தேடுவான்?”

“நான் தேடுவேன்.”

“நீ தேடி உன் படத்தையே பாக்கறதுக்கு இன்டர்நெட்டு எதுக்கு? பீரோவுல வெச்சிக்கோ.”

என் படத்தில் கை வைக்காதே என்று அவர் கறாராகச் சொல்லியிருந்ததால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்கா, இன்னொருவர் நான். ஒருநாள் தம்பி வந்து பேனாவை மேஜைமேல் வைத்தார். “நாளைலேர்ந்து நானும் தூங்கப் போறேன்கா. எல்லாரும் தூங்கறாங்க, நான் மட்டும் இன்னாத்துக்கு முழிச்சிகினு கீறது?”

அக்கா அதிர்ந்து போனார். தம்பி வரைவதை நிறுத்தினால் அந்த வீட்டில் சாயங்காலம் யாரும் பேசப்போவதில்லை. “ஒரே ஒரு மாசம் எங்கிட்ட வுடு. சீட்டு நான் போடறேன். அப்பவும் யாரும் பாக்கலன்னா நீ தூங்கு, நானே தலகாணி வாங்கித் தரேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு படத்தையும் என்னிடம் காட்டுவார், நான் தேடுகிறவனாக இருந்து சொல்லவேண்டும். ‘குரங்குக் குல்லா, வாய் திறந்து.’ ‘டிபன் பையைக் கட்டிப்பிடித்து.’ ‘பக்கத்து ஆள் தோளில் தலை, பக்கத்து ஆளுக்கு இஷ்டமில்லை.’ ஏறுகிற ஸ்டேஷனும் சேர்த்தோம். சில நாளில் பார்க்கிறவர்கள் கூடினார்கள். முதலில் கண்டுபிடித்தவர்கள் அந்த ரயில்காரர்களேதான். குரங்குக் குல்லாக்காரர் தன் படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்டினார். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து வரும் நர்சம்மா ஒருவர், தான் தூங்கும்போது இவ்வளவு நிம்மதியாக இருப்பேன் என்று தெரியாது என்று எழுதினார். தம்பி உற்சாகமாகி நின்றுகொண்டு தூங்குகிறவர்களையும் வரைய ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஜாங்கிரி வந்தது.

தம்பி போகிற ரயில் பெட்டிக்கு ஒரு தலைவர் உண்டு. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே இருந்தார். அவருடைய அப்பா சுரங்கத்தில் கேஜில், அந்தக் கம்பிக்கூண்டு லிஃப்டில், ஆட்களை எண்ணி ஏற்றிக் கீழே இறக்கியவர். மகன் ரயில் பெட்டியைக் கேஜாகவே நடத்தினார். வாசலில் நின்று, நீ அங்கே, நீ இங்கே என்று கை காட்டுவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலோரம் தன் இடத்துக்குப் போவார். ஒருநாள் அவர் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துத் தூங்குகிறார் என்று தம்பி வரைந்துவிட்டார். அவர் தூங்கவில்லை. மடியில் பிரித்த பொட்டலத்தில் இரண்டு ஜாங்கிரி, கையில் கடித்தது ஒன்று, ருசியில் கண் சொக்கியிருந்தது. அக்கா கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்து டேக் போட்டார்: ‘ஜன்னலோரம், முன்வழுக்கை, கண் மூடி, ஜாங்கிரி, மூணு.’

தலைவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் மனைவிக்கும் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணி இனிப்பை விட்டவர்கள். அந்த மனைவி கண்ணில் படம் பட்டுவிட்டது.

மறுநாள் தம்பி ஏறப் போனபோது தலைவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். “ஆள் ஃபுல்லு.” பின்னால் இருந்த பெட்டியில் கழிவறை ஓரம் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போனார் தம்பி. அடுத்த நாளும் அதே. ஒரு வாரம் வெறும் பில்லோடு வீட்டுக்கு வந்தார். “தூங்கறதுக்குக்கூட எடம் இல்லக்கா” என்றார். பேனாவை என்னிடம் கொடுத்து, பெட்டிமேல் சீட்டு எழுத வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் மனைவியோடு கடைக்கு வந்தார். அந்த அம்மா வாசல் ஸ்டூலில் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். தம்பியும் கடையில்தான் இருந்தார்.

“மேடம், அந்த ஒரு வார்த்தைய எடுத்துடுங்க” என்றார் தலைவர். “எடுத்துட்டீங்கன்னா நாளைக்கே உங்க தம்பிக்கு என் எதிர் சீட்டு.”

“எடுத்துடுக்கா” என்றார் தம்பி.

அக்கா கைப்பேசியை எடுத்தார். கட்டைவிரல் அந்த வார்த்தைமேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. தம்பியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “படத்துல ஜாங்கிரி கீதே சார். ‘முன்வழுக்கை’ வேணா எடுத்துடறேன்.”

“அது இருக்கட்டும், ஊருக்கே தெரியும். ஜாங்கிரிக்குப் பதிலா பொதுவா இனிப்புன்னு போடுங்களேன்.”

“இனிப்புன்னு போட்டா ஊர்ல கீற இனிப்பெல்லாம் வரும். அந்தக் கூட்டத்துல உங்கள யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“அதான் மேடம் வேணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பிக்கு வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வளையல்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார், ஏற்கனவே பிரித்து அடுக்கியிருந்த வளையல்களை. அக்கா அதையும் பார்த்தார். கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அப்போது அவருக்கு வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சண்டைக்கு நடுவில்கூட அவருக்கு அப்படி வரும். ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க இன்னான்னு தேடினீங்க, இந்தப் படம் வர்றதுக்கு?”

அந்த அம்மா தெருவையே பார்த்தார். “எதையோ தேடினேன்.”

“ரயிலுன்னா?”

“இல்ல.”

“உங்க வீட்டுக்காரர் பேரா? பேரு நாங்க போடலயே.”

“இல்லீங்க.”

“வழுக்கைன்னு தேடியிருக்க மாட்டீங்க. வீட்லயே கீது. அப்ப எந்த சீட்டுதாம்மா வேல செஞ்சுது?”

தெருவில் ஒரு ஆட்டோ போனது.

“ஜாங்கிரி” என்றார் அந்த அம்மா.

தலைவர் நிமிர்ந்தார். “நீ இன்னாத்துக்கு ஜாங்கிரி தேடினே?”

“மத்தியானம் தூக்கம் வரல. சும்மா பாத்துகினு இருந்தேன். தின்னலியே, பாத்தேன். படத்துல சர்க்கர ஏறுமா?”

“தினமும் பாக்கறியா?”

“தினமும் ஜாங்கிரி இல்ல. மைசூர்பாகு செவ்வாக்கெழம.”

தலைவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, “தனியாவா பாத்துகினு இருந்தே? என்னக் கூப்புட்டிருக்கலாமே” என்றார்.

“நீங்க மூணு வாங்கினீங்களே, ஒண்ணு கொண்டாந்திருக்கலாமே.”

அங்கே மிகவும் சந்தோஷமாக இருந்தவர் அக்கா. அவர்கள் சமாதானமானது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. என் தோளைத் தட்டிச் சொன்னார்: “பாத்தியாப்பா, ஜாங்கிரின்னு தேடினாங்க, ஜாங்கிரி கெடச்சுது.”

கடைசியில் தீர்ப்புச் சொன்னது அந்த அம்மா. டேக் இருக்கட்டும். தம்பிக்கு எதிர் சீட்டு. “நீங்க தினமும் இவர வரைங்க. இன்னா தின்றாருன்னு நான் தேடிப் பாத்துக்கறேன்.” தம்பி என்னிடம் கை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். அப்போதே அந்த அம்மாவின் மூக்குத்தியை ஒரு பில்லின் பின்னால் வரைய ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் முகம்தான் தொங்கிப்போனது. கிளம்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கொஞ்சம் அகலமான ஆள். “இன்னா வேல பண்றே?” என்றார். பெட்டி தூக்குவதாகச் சொன்னேன். தன் கம்பெனி கேன்டீனில் ஆள் வேண்டும், நாளைக்கே வா என்றார். பிறகு மனைவி காதில் விழாமல், “ரயில்ல எனுக்கும் அந்தப் பேனாவுக்கும் நடுவுல உக்காந்துக்கோ” என்றார்.

ஒரு கடையில் நான் அவ்வளவு காலம் இருந்ததே அதிகம். கால் அரித்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து என் எண்ணைத் திறந்து, ‘ரயில்ல போறவர்’ என்று சேர்த்தார். பொட்டி தூக்கறவர் அப்படியே இருந்தது. “தூக்கினே இல்ல?” என்றார்.

மறுநாள் காலை ஊரிகத்தில் ஏறினேன். தலைவர் வாசலில் நின்று இடம் காட்டினார். முடிந்த அளவு அகலமாக உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்துவிடும், கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டேன். முழித்தபோது தம்பி பேனாவை மூடிக்கொண்டிருந்தார், தலைவர் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார், என் கையில் பாதி ஜாங்கிரி இருந்தது. எட்டரை மணிக்கு கேன்டீனில் போய் நின்றேன். ஏப்ரன் கொடுத்தார்கள். ஒரு மூட்டையைக் காட்டி, மேஜை மேஜையாகப் போய்ச் சர்க்கரை டப்பாக்களை நிரப்பு என்றார்கள்.